கலர் டி.வி.க்குத் தெரியாத ஜாயிண்ட்

எங்க ஷெட்டுல விசில் கேட்டா எல்லாரும் வெளிய போயிடணும். வெல்டர், கிரைண்டிங் ஆளு, கிரேன் ஓட்டறவர், கூட்டிப் பெருக்கற அம்மா, யாரா இருந்தாலும் சரி. ஃபிலிம் எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். ரசாயனத் தொழிற்சாலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் பெரிய பெரிய இரும்புத் தொட்டி செய்யற கம்பெனி அது. வெசல்னு சொல்லுவோம். உள்ள அழுத்தம் ஏறும்போது பத்தவெச்ச ஜாயிண்ட் தாங்கணும். அதுக்குள்ள விரிசல் இருக்கா, பொத்தல் இருக்கான்னு பாத்துச் சொல்றதுதான் எங்க வேலை. ஆஸ்பத்திரியில எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கற மாதிரி இங்க இரும்புக்கு. ஆனா இரும்பைத் துளைக்கற கதிர் ஆளைச் சும்மா விடுமா? அதனால சுத்திலும் கயிறு கட்டி, கொடி தொங்கவிட்டு, ஷெட்டையே காலி பண்ணிட்டுத்தான் கதிர் வீசற சோர்ஸைப் பெட்டியிலேர்ந்து வெளிய விடுவாங்க.

விசில் ஊதினா வெல்டருங்களுக்குத் தீபாவளி. கேட்டுக்கு வெளிய டீக்கடை பெஞ்சு நிறைஞ்சிடும். படம் எடுக்க ஆகற நேரத்தைவிட டீ குடிக்க ஆகற நேரம் எப்பவும் ஜாஸ்தியா இருக்கும். சோர்ஸ் ஆளுக்கும் ஒரு டீயும் ஒரு வடையும் போயிடும். அவரும் இன்னும் ரெண்டு ஷாட் பாக்கி இருக்குன்னு சொல்லி, நிதானமா கயிறை அவுப்பார். மேனேஜ்மெண்டுக்கு இது தெரியாம இல்லை. தெரிஞ்சு என்ன பண்றது, போய் உள்ள நில்லுன்னு யாரைச் சொல்ல முடியும்?

நான் அந்த சோர்ஸ் ஆளுங்கள்ல ஒருத்தனாத்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தேன். கோவில்பட்டிக்காரன். அந்த வெசல் கம்பெனிக்குச் சோதனை பண்ணிக் கொடுக்கற கான்ட்ராக்ட் கம்பெனியில வேலை. கதிர்ல நின்னுக்கிட்டே, ஃபிலிமைப் படிச்சுத் தீர்ப்பு சொல்ற பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணேன். அப்ப என் பொண்டாட்டி மாசமா இருந்தா. கதிர்ல நிக்கிறவனுக்குப் பிள்ளை ஊனமா பொறக்கும்னு எவளோ ஒரு புண்ணியவதி அவ காதுல ஓதிட்டா. இவ ஒரு வாய் சோறு திங்காம அழுது, அந்த வேலையிலேர்ந்து என்னை மாத்த வெச்சா. மாறினது யு.டி.க்கு, அதாவது அல்ட்ராசோனிக். அதுல கதிர் கிடையாது, வெறும் சத்தம். காதுக்குக் கேக்காத சத்தத்தை இரும்புக்குள்ள விடணும். உள்ள எதுலயாவது முட்டித் திரும்பி வந்தா சின்னத் திரையில ஒரு கோடு எழும்பும். அவ்வளவுதான். பொண்ணு நல்லபடியாப் பொறந்தா. நானும் என் ஊர்க்காரக் கூட்டாளி ஒருத்தனும் ஜோடியா அந்த வேலையைப் பல வருஷம் பாத்தோம்.

பொண்ணை வடக்குப்பட்டுப் பக்கத்து ஸ்கூல்ல ஒண்ணாவது சேத்த வருஷம்தான் அந்த மெஷின் வந்துச்சு. ஃபேஸ்டு அரேன்னு பேரு. வெல்டருங்க வாயில அது நுழையலை, கலர் டி.வி.ன்னு வெச்சுட்டாங்க. அந்தப் பேரே நின்னுடுச்சு.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். நல்லதை நல்லதுன்னுதான் சொல்லணும். இரும்பு மேல வெச்சு இழைக்கற முனைக்குப் புரோப்னு பேரு, பழைய புரோப் ஒண்ணுக்கு ஒரு கோணம்தான். நாப்பத்தஞ்சுக்கு ஒண்ணு, அறுபதுக்கு ஒண்ணு, எழுபதுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போட்டு, ஜாயிண்டுக்கு ரெண்டு பக்கமும் முன்னும் பின்னுமா இழைச்சு இழைச்சு எங்க மணிக்கட்டு போயிடும். இதுல ஒரே புரோப்புக்குள்ள சின்னச் சின்னப் படிகமா வரிசையா அடுக்கியிருக்காங்க. ஒவ்வொண்ணும் கொஞ்சம் முந்திப் பிந்தி அடிச்சா சத்தம் தானா சாய்ஞ்சு திரும்புது. வாசல்ல நின்னுக்கிட்டுக் கழுத்தை மட்டும் திருப்பித் தெரு முழுக்கப் பாக்கற மாதிரி. ஜாயிண்ட் ஓரமா நேர்க்கோட்டுல ஒரு தடவை தள்ளினா போதும், எல்லாக் கோணமும் பாத்து முடிச்சிடும். கோளாறு எங்க இருக்கு, எவ்வளவு ஆழத்துல, எவ்வளவு உயரம்னு வெட்டிப் பாத்த மாதிரி படம் வரும். படத்தைச் சேமிச்சு வெச்சு அடுத்த வாரம்கூடப் பாக்கலாம். கதிர் இல்லை, கயிறு இல்லை, விசில் இல்லை. பக்கத்துல வெல்டிங் பாட்டுக்கு நடக்கும், நாங்க பாட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போகலாம்.

அதுல வந்த வினைதான் டீக்கடை காலியானது. எங்க வீட்டு ஓனரே அந்த ஷெட்டுல வெல்டர். வடக்குப்பட்டுக்காரர், வரிசையா நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கிணத்தடியில என்னைப் பாத்தா அவருக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வரும்.

"இன்னா சார், நல்லாக்கீதா இது? நீ கலர் டி.வி. பாக்குறதுக்கு நாங்க டீ இல்லாம சாவணுமா?"

"நானா வாங்கிட்டு வந்தேன்? உங்க மேனேஜரைக் கேளுங்க."

"அந்தாளு கைல பேச முடியுமா? உங்கிட்டதான் பேச முடியும்" என்பார். அது என்னவோ வாஸ்தவம். எரிச்சலா இருந்தாலும் வாடகை வீட்டுக்காரன் என்னத்தைப் பேசறது. தண்ணியை எடுத்துக்கிட்டு வந்துடுவேன்.

அவருக்கு டீ போச்சு. எனக்குப் போகப் போறது வேற. மெஷின் வந்த அன்னைக்கே எங்க இன்சார்ஜ் சொல்லிட்டார். அவர் எப்பவும் தூக்கம் கெட்டவர் மாதிரியே இருப்பார், நல்ல மனுஷன். "நீங்க ரெண்டு பேரும் நாள் பூரா பண்ற வேலையை இது மத்தியானத்துக்குள்ள முடிச்சிடும்ப்பா. ஒரு ஆபரேட்டர், தள்ளறதுக்கு ஒரு ஹெல்பர் போதும்னு ஹெட் ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. ரெண்டு பேரும் டிரெயினிங் எடுங்க. யாரு தேறுறாங்களோ அவங்க ஆபரேட்டர். இப்ப நிக்கிற வெசல் டிஸ்பாட்ச் ஆகற வரைக்கும் இன்னொருத்தரும் இருக்கலாம். அப்புறம் என் கையில இல்லை." நானும் கூட்டாளியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கலை. ரெண்டு பேருக்கும் குடும்பம், ரெண்டு பேருக்கும் பிள்ளை.

சென்னையிலேர்ந்து டிரெயினர் வந்தார். மீட்டிங் ரூம்ல ஏ.சி. போட்டு, வேணும்னே உள்ள கோளாறு வெச்சுச் செஞ்ச பிளேட்டுங்களை அடுக்கினார். புரோப்புக்கும் இரும்புக்கும் நடுவுல காத்து இருந்தா சத்தம் போகாது, அதனால பசை தடவித்தான் தள்ளணும். தடவித் தள்ளினேன். பழைய மெஷின்ல இருந்த அதே கோடு இதுலயும் ஓரமா ஒரு கட்டத்துல துள்ளுச்சு. அதைப் பாத்து, இந்த இடத்துல கோளாறு, இவ்வளவு ஆழம்னு சரியாத்தான் சொன்னேன்.

"அதை விடுங்க. படத்துல காட்டுங்க. சிவப்பா இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க" என்றார்.

நான் தொட்டேன். ரூமே சிரிச்சுச்சு. ஏதோ விளையாடறேன்னு நெனைச்சாங்க. "அது பச்சைங்க. அது சும்மா ஜாயிண்டோட அடிப்பக்கம் மேடா இருக்கறதுல பட்டு வர்ற எதிரொலி. சிவப்பு இங்க" ன்னு விரலைப் பிடிச்சு நகத்தினார். எனக்கு அங்கயும் அதே நிறம்தான், இங்கயும் அதே நிறம்தான். ரெண்டும் காஞ்சுபோன மஞ்சள் மாதிரி ஒண்ணு. சத்தம் எவ்வளவு பலமாத் திரும்பி வருதோ அதுக்குத் தக்கன நிறம் மாறும், நீலத்துல ஆரம்பிச்சுப் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஏறும்னு அவர் சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துச்சு. அந்த ஏ.சி.யிலயும் வேர்த்துச்சு. எனக்கு நீலம் தெரியுது. அதுக்கு மேல எல்லாம் ஒரே குழப்பம்.

கூட்டாளி மட்டும் சிரிக்கலை. சாயந்திரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கும்போது, "லே, நெசமாவே தெரியலையா?"ன்னு கேட்டான். தெரியலைன்னேன். அடுத்த நாள் அவனே மெஷின் மெனுவைக் குடைஞ்சு, படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்தற இடத்தைக் கண்டுபிடிச்சான். மாத்தின உடனே எனக்கு எல்லாம் பளிச்சுன்னு விளங்குச்சு. சாம்பல்லேர்ந்து கறுப்பு வரைக்கும் எவ்வளவு மெல்லிசா ஏறினாலும் என் கண்ணு பிடிச்சிடும். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டினோம். அவன் முறைக்குக் கலர், என் முறைக்குக் கறுப்பு வெள்ளை. என்னை வீட்டுக்கு அனுப்பினா அவனுக்கு வேலை நிச்சயம். அது தெரிஞ்சும் அதைச் செஞ்சான். அந்தப் பயலை நெனைச்சா இப்பவும் எனக்கு மனசு கனத்துப் போகும்.

அது நீடிக்கலை. வெசலை வாங்கப் போறவங்களோட இன்ஸ்பெக்டர் ஒருநாள் பின்னாடி வந்து நின்னார். அதிகம் பேசாத ஆளு. இது என்ன சாவு வீடு மாதிரி படம்னு கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன், எனக்குக் கலர்ல பேதம் தெரியலை, இதுல நல்லாத் தெரியுதுன்னு. அவர் கோவப்படலை. கலர்ல பாக்கறதா ஒத்துக்கிட்டுத்தான் இந்த முறைக்கு அனுமதி கொடுத்திருக்கு, நடுவுல மாத்தினா எல்லாம் திரும்பச் செய்யணும், முதல்ல இவர் கண்ணைப் பாக்கச் சொல்லுங்கன்னு இன்சார்ஜ்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டார்.

வருஷா வருஷம் எங்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுல ஒரு கண்ணாடிக் கடை. பொடி எழுத்து அட்டையைக் கொடுப்பார், கடகடன்னு படிப்போம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவார். கலர் பத்தி அவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பழைய மெஷின்ல இருந்தது ஒத்தைக் கோடு, கேக்க என்ன இருக்கு. இந்தத் தடவை கம்பெனி டாக்டர் ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல உக்காத்தி வெச்சு ஒரு புஸ்தகத்தைப் பிரிச்சார். பக்கத்துக்குப் பக்கம் வட்டம் வட்டமா புள்ளி. கூட்டாளி எட்டுன்னான், இருபத்தொம்பதுன்னான், மளமளன்னு சொன்னான். எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது. நம்பர்னு ஒண்ணு அதுக்குள்ள இருக்குங்கறதையே நம்ப முடியலை. கடைசியில அவர் மூடி வெச்சுட்டு, இது வியாதி இல்லை, பொறவியிலேயே வர்றது, மருந்தும் இல்லைன்னார்.

வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, சட்டையைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தேன். சொன்னேன். அவ அதிர்ந்து போவான்னு பாத்தா, "அதான் தக்காளியை ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கிப் பாத்து வாங்குதீங்களா? நான் கடைக்காரன் முன்னாடி கூசிப் போவேன், கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவில்லையான்னு" என்றா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள கண்ணு கலங்கிடுச்சு. பொண்ணு படுத்துக்கிட்டே வாய்ப்பாடு முணுமுணுத்துக்கிட்டிருந்தா. அடுத்த வருஷமும் இதே ஸ்கூல்தானான்னு அவ கேக்கலை, என் பொண்டாட்டிதான் கேட்டா. நான் எழுந்து சட்டையைக் கழட்டினேன்.

கூட்டாளி ஆபரேட்டர் ஆனான். டிஸ்பாட்ச் வரைக்கும் நான் ஹெல்பர். தீர்ப்பு சொல்லிக்கிட்டிருந்த ஆளு, பசை வாளியும் துணியுமா முட்டி போட்டு ஸ்கேனரைத் தள்ளினேன். அவன் ஒரு வார்த்தை அதட்டினதில்லை. "கொஞ்சம் மெதுவாடே" ன்னு சொல்றதுக்கே தயங்குவான். அந்தத் தயக்கம்தான் எனக்கு இன்னும் ரோதனையா இருந்துச்சு. அதட்டித் தொலைச்சிருந்தா தேவலை.

ஹெல்பரா நின்னதுல மெஷினோட மறுபக்கம் நல்லாத் தெரிஞ்சுது. ஒரு ஜாயிண்டைப் பாத்து முடிக்கற நேரம் கொஞ்சம்தான், அதுக்குத் தயார் பண்ற நேரம் பாதி நாள். வெல்டிங் தெறிச்ச பொட்டு ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தாலும் புரோப் எழும்பிடும், படத்துல பட்டை பட்டையா வெத்திடம் விழும். ஒவ்வொரு கனத்துக்கும் அதே ரக இரும்புல மாதிரிக் கட்டை வேணும், அதுல வெச்சு அளவு திருத்தணும். மத்தியான வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ பிளேட்டு கொதிக்கும். ஏ.சி. ரூம்ல திருத்தின அளவு இங்க வந்தா விலகி நிக்கும், ஏன்னா புரோப்புக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக் ஆப்பு சூடேறினா கோணமே மாறிப்போகும். காஸ்ட்லி மெஷின், வெயில்ல வெச்சு அளவு திருத்தக் கூடாதுன்னு வெசல் கம்பெனி மேனேஜர் உத்தரவு. அதை மாத்தவே ஒரு மீட்டிங் போட வேண்டியிருந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, கலர்ல ஒரு படம்னு வந்துட்டா போற வர்றவனெல்லாம் டாக்டர் ஆயிடறான். சிவப்பைப் பாத்து மேனேஜர் அலறுவார். அது வெறும் எதிரொலின்னு கூட்டாளி நின்னு பாடம் எடுக்கணும்.

இப்படியே வெசல் முடியற கட்டத்துக்கு வந்துடுச்சு. பாக்கி இருந்தது அதுலேர்ந்து நீட்டிக்கிட்டிருக்கற எஸ்.எஸ். குழாய்ங்களோட ஜாயிண்ட் மட்டும்தான். எஸ்.எஸ்.னா எவர்சில்வர் ரகம். நான் பசை தடவினேன். கூட்டாளி திரையைப் பாத்தான், பாத்துக்கிட்டே இருந்தான். ஓரமா இருந்த கட்டத்துல எனக்கும் தெரிஞ்சுது. கோடு ஒண்ணா ரெண்டா, புல்லு முளைச்ச மாதிரி திரை பூராக் கோடு. அந்த ரக ஜாயிண்ட் ஆறும்போது உள்ள பரல் பரலா உறைஞ்சிடும். சத்தம் அதுல சிதறிச் சின்னாபின்னமாயிடும். எது பரல், எது விரிசல்னு பிரிக்க முடியாது. வேற புரோப் மாத்திப் பாத்தான், சத்தத்தோட அதிர்வைக் குறைச்சுப் பாத்தான், டிரெயினருக்குப் போன் போட்டான். அதுக்குன்னு தனியா ஒரு புரோப் இருக்கு, வெளிநாட்டுலேர்ந்து வரணும், வந்தாலும் உறுதி சொல்ல முடியாதுன்னார் டிரெயினர்.

இன்ஸ்பெக்டர் வந்தார். திரையைப் பாத்தார். தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே, "இதெல்லாம் ஃபிலிம் எடுத்திடுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். பின்னால வர்ற ஆர்டர்லயும் பாதி எஸ்.எஸ். இருக்கு, அதுக்கும் ஃபிலிம்தான்னு போற போக்குல சொல்லிட்டுப் போனார்.

இன்சார்ஜ் அங்கயே நின்னுக்கிட்டிருந்தார். சோர்ஸ் ஆளுங்களை வெளியிலேர்ந்து கூப்பிட்டுக்கலாம், ஃபிலிமைப் படிச்சுக் கையெழுத்துப் போட ஆள் வேணுமே. அப்புறம் மெதுவா என்னைப் பாத்தார். "உன்கிட்ட அந்த சர்ட்டிபிகேட் இருக்கில்லப்பா?" இருக்குன்னேன். அதே டாக்டர், அதே ரூம். பொடி எழுத்தைப் படிச்சேன், சாம்பல் அட்டையில எது எதைவிடக் கறுப்புன்னு படிப்படியாச் சொன்னேன். ஃபிலிமுக்குக் கலர் எதுக்கு, கறுப்பு வெள்ளைதானேன்னு அவரே சொல்லிக்கிட்டு எழுதிக் கொடுத்தார்.

விசில் ஊதின அன்னைக்கு ஷெட்டு காலியானதைப் பாக்கணுமே. வீட்டு ஓனர் டீக்கடை பெஞ்சுல கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு, "கலர் டி.வி.க்கு எஸ்.எஸ். தெர்லியாமே சார்? வல்லக்கோட்டை முருகன் கண்ணைத் தொறந்துட்டான். இன்னிக்கு டீ என் கணக்கு" என்றார். அவர் கவலை அவருக்கு. கூட்டாளி கொஞ்சம் தள்ளி அந்த மெஷின் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். என் கிளாஸை வாங்கி, ஆத்தி, திருப்பிக் கொடுத்தான். "பொழைச்சுக்கிட்ட"ன்னு மட்டும் சொன்னான். அந்த மெஷினோட நல்லதெல்லாம் சேந்து என்னை வெளிய தள்ளப் பாத்துச்சு, அதால முடியாத ஒண்ணு பிடிச்சு நிறுத்தியிருக்கு. இதுல சந்தோஷப்பட எனக்கு என்ன இருக்குன்னு தெரியலை. அசதியாத்தான் இருந்துச்சு.

வீட்டுல சொன்னேன். வேலை போகலைன்னு முதல்ல சொல்லிட்டு, என்ன வேலைன்னு அப்புறம் சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. கை நின்னுடுச்சு.

"அந்தக் கதிரு வேலை வேண்டாம்னுதானே அன்னைக்கு அப்படி அழுதேன்."

"நான் ஃபிலிமைப் பாக்கறதோட சரி. கயித்துக்கு வெளியதான் நிப்பேன்."

அவ தண்ணியை வடிச்சா. வேற தண்ணி ஊத்தினா. அப்புறம் கேட்டா, "அந்த மெஷினு நாளைக்கு இதையும் கத்துக்கிட்டா?"

டிரெயினர் சொன்ன வெளிநாட்டுப் புரோப் என் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதை அவகிட்டச் சொல்லலை. "அதெல்லாம் சீக்கிரம் கத்துக்காது. அதுக்குள்ள பாப்பா பத்தாவது முடிச்சிடுவா" ன்னேன்.

அவ திரும்பிப் பொண்ணைப் பாத்தா. யூனிஃபார்ம்கூட மாத்தாம, பைமேல தலையை வெச்சுத் தூங்கிக்கிட்டிருந்தா.

"அவ இப்பத்தானங்க ஒண்ணாப்பு" என்றா.